கோல்ஃப் மைதானத்தில் ஒரு கோரிக்கை

தொழிற்சங்க வேலையில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். கம்பெனி கேட்டுக்கு வெளியே, லேபர் ஆபீஸ் பெஞ்சில், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என்று காத்துக் காத்துக் கால் வீங்கிப்போனவர்கள்தான் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தைத் துண்டறிக்கைகள் சொல்லிக்கொடுத்தன. ஆனால் ஒரு கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு கடலோர ரிசார்ட்டின் கோல்ஃப் மைதானத்தில் எப்படி நிற்பது என்று எந்தத் துண்டறிக்கையிலும் அச்சடித்திருக்கவில்லை.

கோரிக்கை இதுதான். திருப்பூர் முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் டேபிளில் தைத்த துணியைச் சரிபார்க்கும் முத்துலட்சுமியை வெளியே அனுப்பிவிட்டார்கள். சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து மண்ணரையில் குடியிருப்பவர், எங்கள் சங்கக் கமிட்டி உறுப்பினர். ஒருநாள் பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், ஒரு பெண்ணுக்கு ஊசி உடைந்தது. உடைந்த ஊசியின் துண்டு முழுக்கக் கிடைக்கும்வரை துணி நகரக்கூடாது என்பது துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் போட்ட சட்டம். சூப்பர்வைசர்கள் காந்தத்தை வைத்துத் துணியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்கள். துண்டோ அந்தப் பெண்ணின் விரலுக்குள் இருந்தது. முத்துலட்சுமி லைன் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கேட் பாஸ் இல்லாமல் வெளியே போனதாகச் சொல்லி, திரும்பி வந்தவரை உள்ளே விடவில்லை. அவரை அதே டேபிளில் திரும்ப உட்கார வைக்காவிட்டால், இனி யார் விரலில் ஊசி ஏறினாலும் பக்கத்து ஆள் எழுந்திருக்க மாட்டார். "கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கிறேம்மா" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பையர் கம்பெனி தன் சப்ளையர்களைக் கூட்டி வருடந்தோறும் மாநாடு நடத்தும். இந்த முறை தொழிலாளர் பிரதிநிதியும் வந்தாக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அப்படித்தான் அந்தப் பனியன் கம்பெனி முதலாளி சண்முகத்தோடு ஒரே காரில் தெற்குக் கடற்கரைக்குப் போய் இறங்கினேன்.

காலர்

மாநாட்டு ஹாலில் முத்துலட்சுமி பெயரை எடுத்தேன். "அந்தப் புள்ள தானா வேலைய விட்டு நின்னுக்குச்சுங்க. இப்ப செக்கிங்ல டேபிளும் காலியில்லீங்க" என்று சண்முகம் மிக மரியாதையாகச் சொன்னார். திரையில் அடுத்த படம் வந்துவிட்டது. எங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த திவ்யா, சண்முகத்தின் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஹால்ல ஒண்ணும் நடக்காதுங்க தோழர். ஹென்ரிக் சார் நாளைக்குச் சாயங்காலம் பிளைட் ஏர்றாரு. காலைல நம்ம சாரோட கோல்ஃப் ஆடறாரு. பேசறதா இருந்தா அங்கதானுங்க." ஹென்ரிக் என்பவர் பையர் கம்பெனியின் பெரிய அதிகாரி. அவர் ஒரு மெயில் போட்டால் திருப்பூரில் ஒரு யூனிட் திறக்கும், ஒரு யூனிட் மூடும்.

காலையில் மைதானத்து வாசலில் என் வேட்டியைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். பேண்ட்டும் காலர் வைத்த பனியனும் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். ஹென்ரிக் அதற்குள் உள்ளே போய்விட்டார். டிரைவரின் பேண்ட்டைக் கடன் வாங்கினேன். திவ்யா ஓடிப்போய் சாம்பிள் பெட்டியிலிருந்து ஒரு பனியனை எடுத்துவந்தாள். எனக்குப் பிடிக்குமே என்று சிவப்பாகப் பார்த்து எடுத்திருந்தாள். காலர் பனியன் தைக்கிறவர்களோடே வாழ்ந்த நான் அன்றுவரை ஒன்றைக்கூடப் போட்டதில்லை. சண்முகம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தன வருசமா நம்ம கேட்டுக்கு வெளியவே நின்னீங்க. இன்னைக்குத்தானுங்க நம்ம துணிக்குள்ள வந்திருக்கீங்க."

தோற்கத் தெரிய வேண்டும்

தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கோ தூரத்தில் கொடி நட்ட ஒரு குழி இருக்கும். அதற்குள் ஒரு சின்னப் பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய்ப் போட வேண்டும். குறைந்த அடியில் போட்டவர் ஜெயித்தவர். கொடி என்றதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது உண்மை. கூட நடக்க வேண்டுமென்றால் ஆட வேண்டும் என்று என் கையிலும் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். ஆனால் என் முதல் அடியில் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு சாண் புல்தான் பறந்தது. ஹென்ரிக் முன்னால் நடக்க, நான் பின்னால் ஓட, பேச்சை எந்த இடத்தில் எடுப்பது என்றே தெரியவில்லை. அவர் மட்டையை ஓங்கும்போது மூச்சுக்கூட விடக்கூடாது என்று திவ்யா கண்ணால் அடக்கினாள். மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கப் பேசியவனுக்கு இது பெரிய தண்டனை.

கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. சண்முகம் நன்றாக ஆடத் தெரிந்தவர். ஆனால் ஹென்ரிக்கின் பந்து தப்பும்போதெல்லாம் அவருடையது அதைவிடத் தப்பியது. அடுத்த சீசன் ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை. பையர் ஜெயிக்க வேண்டும், அதுவும் சொந்தத் திறமையில் ஜெயித்ததாக நம்ப வேண்டும். இப்படி இருக்கையில் நான் கண்ணை மூடி அடித்த பந்து ஒன்று தென்னைமரத்தில் பட்டுத் தெறித்துக் குழிக்கு ஒரு முழம் பக்கத்தில் போய் நின்றது. "மெதுவாத் தட்டுங்க தோழர், உள்ள போயிறப் போகுது" என்று முதலாளி காதருகில் கெஞ்சினார். ஒரு முதலாளி சொல்லை நான் தட்டாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான், முத்துலட்சுமிக்காகக் கேட்டேன். இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்தேன். காலையிலிருந்து நான் குறிவைத்த இடத்துக்கு எந்தப் பந்தும் போனதில்லை, இதுவும் போகவில்லை. நேராகக் குழிக்குள் விழுந்தது. ஹென்ரிக் இரண்டு விரலால் கைதட்டிவிட்டு எங்களுக்குக் காத்திராமல் அடுத்த கொடியைப் பார்த்து நடந்தார். சண்முகம் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஏனுங்க, ஒரு பந்தத் தோக்கக்கூடத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

படம்

பாதி ஆட்டத்தில் இளநீர் குடிக்க நிறுத்தினார்கள். யாரோ படம் எடுத்தார்கள்: நடுவில் ஹென்ரிக், இந்தப் பக்கம் முதலாளி, அந்தப் பக்கம் சிவப்புப் பனியனில் கையில் மட்டையோடு நான். பத்திரிகையில் போலீஸ் என்னை இழுத்துப்போகும் படமெல்லாம் வந்திருக்கிறது. அப்போதெல்லாம் வராத பயம் இதற்கு வந்தது. "இதை எங்கேயும் போட்டுறாதம்மா" என்று திவ்யாவிடம் சொன்னேன். கம்பெனி குரூப்பில் போட்டு முடித்திருந்தாள். அது அவளுடைய வேலை. கம்பெனி குரூப்பிலிருந்து மண்ணரைக்கு ஒரு படம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். இளநீர் தீர்வதற்குள் எங்கள் சங்க ஆபீஸிலிருந்து துணைச் செயலாளர் கூப்பிட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வெகு பணிவாகக் கேட்டார்: "தோழர், கையில வச்சிருக்கறது கொடிக்கம்பு மாதிரி தெரியலீங்களே?"

சிப்பி ஓடு

ஹென்ரிக்கின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு வந்தவர் பெயர் அந்தோணி. ஏறக்குறைய என் வயது, பக்கத்து மீனவக் குடியிருப்பு. இளநீர் நேரத்தில் அவர் சவுக்கு நிழலில் உட்கார்ந்து காலில் சுற்றிய துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பாதத்தில் கோடு கோடாக வெட்டு. மைதானத்தை ஒட்டி உப்பங்கழி ஓடுகிறது. பந்து அதில் விழுந்தால் பை தூக்குகிறவர் இறங்கித் துழாவி எடுக்க வேண்டும்; அடியில் சிப்பி ஓடு கிழித்துவிடும். "எறங்காம எடுக்க ஒரு வழி கேக்க வேண்டியதுதானே?" என்றேன். "போன மாசம் கேட்டேன். ஒரு வாரம் எனக்குப் பையே குடுக்கல" என்றார். இதற்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையேதான் சொன்னேன். தனியாகக் கேட்டால் ஒருவரைத் தள்ளிவிடுவார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள் என்றேன். வாய் தானாகப் பேசிவிட்டது. மனசு முழுக்க ஹென்ரிக்கிடம்தான் இருந்தது. அந்தோணி என் பனியனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க சங்கத்து ஆளா? நான் ஒங்கள மொதலாளின்னுல்ல நெனச்சேன்."

பைகள்

அங்கிருந்து இரண்டு கொடி தள்ளி ஹென்ரிக்கே பேச்சை எடுத்தார். "நேத்து ஒரு பொண்ணு பேர் சொன்னீங்களே, அது என்ன விசயம்னு கேக்கறாருங்க தோழர். சொல்லுங்க" என்றாள் திவ்யா. ஊசியிலிருந்து தொடங்குவதா, விரலிலிருந்து தொடங்குவதா என்று யோசித்துக்கொண்டே தொடங்கினேன். கேட்டுக்கொண்டே அவர் மட்டையை வீச, பந்து உப்பங்கழிக்குள் விழுந்தது. எடுக்கச் சொல்லி அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி பையைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். எங்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்த கூட்டத்திலும் ஒரு பை இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பைகள் தரையில் இருந்தன. "இன்னைக்கேவா?" என்று அந்தோணியிடம் பல்லைக் கடித்தேன். "என்னைக்குன்னு நீங்க சொல்லலியே" என்றார்.

ஹென்ரிக் கடிகாரத்தைப் பார்த்தார். சண்முகம் என் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா அவிங்க பையத் தூக்கிருவாங்க. எனக்குத் தெரியுமுங்க. இத மட்டும் முடிச்சுக் குடுங்க, திங்கக்கெழமை அந்தப் புள்ளைய அதே டேபிள்ல விட்டுப்போடறேன். சத்தியமுங்க." எத்தனையோ பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கிறேன்; அவ்வளவு தெளிவாக ஒரு முதலாளி பேசிக் கேட்டதில்லை. சொல்லிவிடலாம். ஒரு தடவை தண்ணீரில் இறங்கினால் என்ன, காலம் பூராவும் இறங்கியவர்கள்தானே என்று மனசு பேசியது. கருங்காலிகளைப் பற்றி நான் எழுதிய துண்டறிக்கைகளும் கூடவே பேசின. முடிவு என்னுடையது அல்ல என்று முத்துலட்சுமிக்குப் போன் போட்டேன். நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. "இதக் கேக்கவா போன் போட்டீக அண்ணாச்சி? வையிங்க, அடுப்புல சோறு கெடக்கு."

டேபிள்

திரும்பி வந்து, "என்னால சொல்ல முடியாதுங்க" என்றேன். சண்முகம் குரலை உயர்த்திவிட்டார். "அதே டேபிள்ல விடறேன்னு சொல்றனல்லங்க, இன்னும் என்னதானுங்க வேணும்?" என்ன சொல்கிறார் என்று ஹென்ரிக் திவ்யாவைக் கேட்டார். மாநாடு தொடங்கியதிலிருந்து தன் முதலாளி பேசியதையெல்லாம் மூச்சுவிடாமல் இங்கிலீஷில் ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளை, அதே வேகத்தில் இதையும் ஒப்பித்துவிட்டாள். பழக்கமா, துணிச்சலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை; அவளுடைய வேலையும் அங்கேதான் இருக்கிறது. சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை வாய்க்குப் போனது.

ஹென்ரிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். நல்லவர் என்று நான் எழுத மாட்டேன். ஊசித் துண்டைத் துணியில் மட்டும் தேடச் சொன்ன சட்டம் அவருடைய கம்பெனியின் சட்டம்தான். ஆனால் தன்னிடம் ஹாலில் பொய் சொன்னார்கள் என்பது அவருக்கு உறைத்துவிட்டது. ஏதோ இரண்டு வரி சொன்னார். திவ்யா தரையைப் பார்த்துக்கொண்டே அதைத் தன் முதலாளியிடம் சொன்னாள். "நேத்து டேபிள் காலியில்லைன்னு சொன்னீங்களாம். இப்ப எப்படிக் காலியாச்சுன்னு கேக்கறாருங்க சார்."

திங்கட்கிழமைக்குப் பிறகு

பைகள் அன்று மத்தியானம்வரை புல்லிலேயே கிடந்தன. தண்ணீரில் இறங்காமல் பந்தெடுக்க நீளக் கம்பில் வலை கட்டித் தருவதாக ரிசார்ட் மேனேஜர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தோணி குனிந்தார். ஹென்ரிக் முன்னால் சண்முகம் ஒப்புக்கொண்டபடி திங்கட்கிழமை முத்துலட்சுமி உள்ளே போனார். நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பையர் பிளைட் ஏறியதும் மாறிப்போன வாக்குறுதிகளை உங்களைப் போலவே நானும் பார்த்தவன். ஆகவே ஷிப்ட் தொடங்கும்போது கேட்டுக்கு எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று, அவர் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீ குடிக்கிறேன். நேற்று சண்முகத்தின் கார் என் பக்கத்தில் நின்று கண்ணாடி இறங்கியது. "உள்ளதானுங்க இருக்குது அந்தப் புள்ள. நானென்ன முழுங்கியா போட்டேன்?"

கோல்ஃப் ஆடி உரிமையைப் பெற்ற முதல் தொழிற்சங்கக்காரன் என்று மண்ணரையில் என்னைக் கேலி செய்கிறார்கள், ஆனால் அந்த மைதானத்தில் நான் சரியாகச் செய்த ஒரே வேலை, ஆட்டத்தை நடுவில் நிறுத்தவைத்ததுதான்.