மாடிக்கொடி

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்குத் துணி டயபர்தான் கட்டிவிடுகிறேன். திண்டிவனத்தில் எங்கள் வீடு பஸ் போகும் தெருவில் இருக்கிறது. துவைத்ததை மாடிக்கொடியில் காயப்போடுவேன்.

“ரோட்டுல போறவன்லாம் பாத்துக்கினு போறாம்மா,” என்றார் ஒருநாள்.

“வெயில்ல காஞ்சாதாம்பா நாத்தம் போவும்,” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

அதன்பிறகு டயபருக்குள் வைக்கும் மைக்ரோஃபைபர் துணி அவ்வளவாக நனையவில்லை. உடம்பு தேறுகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு காலையில் அவர் கண் திறக்கவில்லை. முகத்தில் தெளிக்கச் சொம்பை எடுத்தேன். முந்தின நாள் அவர் குடிக்க நான் நிரப்பி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்து வந்தார். இப்போது எல்லாவற்றையும் உள்ளறையில் ஃபேனுக்கடியில்தான் உலர்த்துகிறேன். ஆனாலும் தண்ணீர் நீட்டினால் கேட்கிறார்: “மாடியில எதுவும் காயலியேம்மா?”

இல்லை என்கிறேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தருகிறார்.