கிழக்குச் சுவரில் வைத்த ஜாலி

எங்கள் வீட்டை முதலில் கோலமாவில்தான் கட்டினோம். ஆவடியில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கணவர் கயிறு பிடித்து அளக்க, நான் குனிந்து கோடு இழுத்தேன். அவர் ரிட்டையர் ஆகக் கொஞ்ச காலம்தான் இருந்தது. ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சென்னீர்குப்பத்தில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்தோம். காகிதத்தில் போட்ட பிளான் எனக்குப் புரியவில்லை என்றதால் தரையில் முழு அளவில் போட்டுக் காட்டினார்.

குழந்தை இல்லாத இரண்டு பேருக்குப் பெரிய வீடு எதற்கு என்று நினைத்தார். ஒரே ஒரு அறை, ஓரத்தில் சமையல், பின்னால் குளியலறை. அறைக்கு நடுவே ஒரு மடக்குக் கதவு. மடக்கிவிட்டால் முழுவதும் கூடம். இழுத்துவிட்டால் உள்பக்கம் எங்கள் படுக்கை, முன்பக்கம் வந்து தங்கும் சொந்தக்காரர்களுக்கு.

"ஆள் வந்தா நீ கிச்சன்ல போய் ஒளிஞ்சிக்கிற இல்ல? இனிமே இதை இழுத்து விட்டுட்டு கட்டில்லயே உக்காந்துக்கோ," என்றார்.

என் கூச்சத்தைக் கேலி செய்தவர்கள் நிறைய. அதற்கு வீட்டில் இடம் ஒதுக்கியவர் அவர் மட்டும்தான்.

எதிர்வீட்டுப் பெண் திருநெல்வேலிக்காரி. பால் வாங்கிக்கொண்டு வந்தவள் கோடுகளுக்கு நடுவில் நின்றாள்.

"யக்கா, அடுக்களைக்குள்ள செருப்போட நிக்கேன். வையாதிய."

"அது அடுக்களை இல்லம்மா, பாத்ரூம்," என்றார் இவர்.

"ஐயய்யோ, கதவத் தட்டாமலா வந்துட்டேன்!" என்று கோட்டைத் தாண்டிக் குதித்தாள். பால் சிந்தியது. நான் அவ்வளவு சிரித்து நாளாகியிருந்தது.

பிறகு அந்தக் கோடுகளுக்குள்ளேயே இரண்டு நாற்காலி போட்டு டீ குடித்தோம். நல்ல காற்று. "வீட்லயும் இதே மாதிரி காத்து வரணும்," என்றேன். வீடு கட்டியதில் நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். வெட்டவெளியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறோம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அதற்காகத்தான் கிழக்குச் சுவரில் பாதிக்கு மேல் ஜாலி வைத்தார். சுட்ட மண்ணில் ஓட்டை ஓட்டையாகச் செய்த கல். கடல் காற்று எங்கள் பக்கம் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். வந்தால் அதன் வழியாக நுழைந்து மேற்கு ஜன்னலில் வெளியேற வேண்டும். ஏசி வேண்டாம், பகலில் லைட் வேண்டாம். மடக்குக் கதவுக்கு மரம்கூடப் புதிது வாங்கவில்லை. குமணன்சாவடிப் பக்கம் பழைய மரக்கடையில், யாரோ இடித்த வீட்டின் கதவுகளை வாங்கி இணைத்தார். கதவுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டார், அதுவும் காற்றுக்காக.

மேஸ்திரி உள்ளூர்க்காரர். "இன்னா சார், ஊடு கட்றியா, புறாக்கூண்டு கட்றியா? செவுத்துல பாதி ஓட்டையா கீது."

"புறா ரெண்டுதான் மேஸ்திரி. போதும்," என்றார் இவர்.

குடிவந்த முதல் கோடையில் சாயங்காலங்களில் ஃபேன்கூடப் போடவில்லை. காலையில் ஜாலி வழியாக வெயில் தரையில் பூப்பூவாக விழும். அதன் மேல் பேப்பரை விரித்துப் படிப்பார்.

அடுத்த வருஷம் சர்க்கரையால் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டன. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரி மிஷினில் படுக்க உடம்பு தாங்கவில்லை. வயிற்றில் குழாய் வைத்து, வீட்டிலேயே நான்கு வேளையும் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுக்கிற முறையைச் சொன்னார்கள். ஒரு நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, வீட்டைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றே ஜாலியைப் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. ஆனா பை மாத்தறப்போ தூசி வரக்கூடாது. ஜன்னல் சாத்தணும், ஃபேன் நிறுத்தணும். உங்க வீட்ல சாத்தற மாதிரி ரூமே இல்லியே? கிருமி உள்ள போச்சுன்னா உசுருக்கே ஆபத்து. வேற வீடு வாடகைக்குப் பாருங்களேன்."

"இங்கயே மூடிக்கலாம் சிஸ்டர்," என்றார் இவர்.

அதே மேஸ்திரி வந்தார். கெட்டியான பிளாஸ்டிக் தாளை ஜாலி முழுக்க ஒட்டினார். கதவுக்கு மேலிருந்த இடைவெளியைப் பலகை வைத்து அடைத்தார். இந்தத் தடவை கேலி இல்லை. போகும்போது, "நல்லாய்ட்டு நீயே பிச்சிப் போட்று சார்," என்றார்.

மருந்துப் பைகள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. சொந்தக்காரர்களுக்கு விட்ட இடத்தில் அவை ஆள் உயரம் நின்றன. நான் ஒளிந்துகொள்ள விட்ட இடத்தில் அவர் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டி உட்கார்ந்தார். நான் ஃபேனை நிறுத்துவேன், கதவை இழுப்பேன், கை கழுவுவேன், பையை மாட்டுவேன். கத்திரி வெயிலில் இருவருக்கும் வியர்வை ஊற்றும். துண்டால் விசிறக்கூடப் பயம்.

ஒரு சாயங்காலம் வெளியே காற்று அடித்து, ஜாலியில் ஒட்டிய தாள் உப்பியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடு போட்டப்ப எல்லாத்தையும் யோசிச்சேன். காத்தை நிறுத்தணும்னா என்ன பண்றதுன்னு மட்டும் யோசிக்கல."

"நான்தான காத்து கேட்டேன்."

"நல்லதத்தான கேட்ட," என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மருந்துத் தண்ணீர் கலங்கி வெளியே வந்தது. கலங்கினால் உடனே வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். உடனே போனோம். கிருமி எந்த வழியாக வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

மடக்குக் கதவை முழுவதும் மடக்கி, அட்டைப்பெட்டிகளை வெளியே மொட்டைமாடிப் படிக்குக் கீழே தள்ளி, நடுவீட்டில் கண்ணாடிப் பெட்டியை வைத்தார்கள். அவர் போட்ட பிளான்படியே அத்தனை பேரும் அந்தச் சின்ன வீட்டுக்குள் உட்கார இடமிருந்தது. எனக்குத்தான் ஒளிய இடமில்லை.

யாரோ ஃபேனைப் போட்டார்கள். அது சுற்ற ஆரம்பித்ததும் எழுந்து போய் நிறுத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புழுக்கம் தாங்காமல் ஒருவர் மறுபடியும் சுவிட்ச் பக்கம் வந்தார்.

"போடாதீங்க," என்றேன். நாலு பேர் முன்னால் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

ஆவடியிலிருந்து வந்திருந்த திருநெல்வேலிக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள்.

"யக்கா," என்றாள் காதருகில். "இனிம போடலாம்க்கா."

என் கை சுவிட்ச் மேலேயேதான் இருந்தது. நானே போட்டேன். ஃபேன் வேகம் பிடித்ததும், கிழக்குச் சுவரில் ஜாலியை மறைத்திருந்த தாள் உப்பி உப்பி அடங்கியது.