கல்லறைத் திருநாளில் ஒரு சாமுராய்

கடலூரில் முடிவெட்டிக்கொள்ளக் காத்திருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு சினிமாக் காட்சியின் படத்தைப் பார்த்தேன். ஜப்பானிய வாள்வீரன், அதாவது சாமுராய், உட்கார்ந்திருக்கிறான். பின்னால் மனைவி மண்டியிட்டு அவன் குடுமியை முடிகிறாள். சாகப் போகிறவனாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, கண்ணீர் இல்லை. நம் ஊர்ப் படமென்றால் இந்நேரம் ஒரு பாட்டே முடிந்திருக்கும்! இதைத் திரையில் பார்த்தே தீருவதென்று அங்கேயே முடிவு செய்தேன்.

புதுச்சேரியிலிருக்கும் கல்லூரித் தோழன் அந்துவானுக்கு எழுதினேன். அடியில் பிரெஞ்சு எழுத்து போட்ட பிரதி இரவலாகக் கிடைத்திருக்கிறது, நவம்பர் 2 மதியம் தானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று பதில் வந்தது. ஆண்டு 1978.

காலை 10.15. பேருந்துக் கட்டணம் ஒன்றேகால் ரூபாய், இருபத்திரண்டு கிலோமீட்டர். தவளக்குப்பத்தில் கூடை கூடையாகச் சாமந்தி ஏறியது.

"காலைத் தள்ளி வையி தம்பி, பூ நசுங்குது. எல்லாம் கல்லறைக்கு. இன்னிக்கு செத்தவங்க திருநாளு" என்றார் பூக்காரர். ஒரு கூடை என் மடிக்கும் வந்தது. வழியெல்லாம் சாவு வீட்டு வாசனை.

11.30. நிலையத்தில் அந்துவான். அவனுடைய அத்தை லூசிதான் பிரெஞ்சைத் தமிழில் சொல்லப்போகிறவர். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். இருபத்தேழு வருடம் முன்பு சைகோனுக்குக் கப்பலேறியவர். இறந்த தகவல் வந்தது, உடல் வரவில்லை.

"குடும்பக் கல்லறையில அவரு பேரு போடணும்னு எல்லாரும் சொல்லிப் பாத்துட்டோம். அத்தை சரின்னே சொல்ல மாட்டேங்குது. இன்னிக்கும் கொத்தனாரை வரச்சொல்லி இருக்கோம்" என்றான்.

பிற்பகல் 2.00. கடலோரம் பழைய கிடங்கு. ஜன்னல்களுக்குக் கறுப்புக் காகிதம். கதவைச் சாத்தியதும் அலைச்சத்தம் தரைக்கு அடியிலிருந்து வந்தது. இருபது பேர். பிரபு, வீரன், மனைவி எல்லாருக்கும் ஒரே தட்டையான குரலில் மதாம் லூசி பேசினார்.

3.05. பிரபுவின் ஆணைக்காகச் சண்டைக்குப் போன சாமுராய் மழைச் சேற்றில் விழுந்து செத்தான். அடுத்த படச்சுருள் பெட்டியை மாட்ட விளக்கு வந்து மறுபடி அணைந்தது. செத்தவன் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தான்! மனைவி பின்னால் வந்து முடியைப் பிரித்தாள். எப்படி வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. அடியில் பிரெஞ்சு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. லூசியின் குரலைக் காணோம்.

"மதாம், என்ன சொல்றாங்க?"

திரை வெளிச்சத்தில் அவர் விரல்கள் வெறும் காற்றில் எதையோ முடிந்துகொண்டிருந்தன.

விளக்கு வந்ததும் துள்ளினேன். "பேயா வந்தவனுக்குத் தலை முடியற பொண்டாட்டி! என்ன டைரக்டர்டா!"

"பேயுமில்ல, ஒரு மண்ணுமில்ல. ரெண்டாம் பெட்டிக்கு முன்னால, அவன் சாகுற மூணை மாட்டிட்டேன்" என்றான் அந்துவான்.

"நல்ல நாள் பாத்துச் செத்தவனை எழுப்பினியேடா!" என்றார் பின்வரிசைப் பெரியவர் ஒருவர். கிடங்கே சிரித்தது. லூசி சிரிக்கவில்லை.

"கப்பலேறின அன்னிக்கு நான் கடல் பாலத்துக்குப் போகல. கோச்சிக்கிட்டு செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். வாசல்ல நின்னு ரெண்டு தரம் கூப்ட்டாரு. திரும்பல" என்றார். பிறகு, "வழியனுப்பாத ஆளை எப்பிடிடா பொதைக்கிறது?"

கடைசிப் பெட்டியை ஓட்ட வேண்டாமென்று அவரே கைகாட்டினார்.

"வரிசையா இன்னொரு நாள் போடு, அந்துவான். அவ குடுமியை முடிஞ்சு விடட்டும். அப்புறம் அவரு போகட்டும்."

மாலை 5.30. கல்லறைத் தோட்டம். எங்கள் ஊரில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்போம். இங்கே மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, கல்லோடு தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். பேசி நிறுத்தி, பதில் கேட்பதுபோல் தலையாட்டவும் செய்கிறார்கள். குடும்பக் கல்லில் பெயர்களுக்குக் கீழே ஒரு சாண் இடம் வழவழவென்று காலி. உளியோடு காத்திருந்த கொத்தனாரிடம் லூசி சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வாங்க. அன்னிக்குச் சொல்றேன்."

பிரதி சனிக்கிழமை மாலை திரும்பிப் போகவேண்டும். அன்று காலை பத்து மணிக்கு, அவர் ஒருவருக்காக மட்டும் ஓட்டப்போகிறோம். பெட்டிகளுக்குச் சுண்ணக்கட்டியால் எண் போடுவது என் வேலை. இரண்டாம் பெட்டி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்போம். அவர் சொன்னால்தான் மூன்றாவது.