காலில் விழுந்தால் பாதி தள்ளுபடி

சூரமங்கலம் அக்சிலியாவுக்குக் கபடியில் எல்லாம் பிடிக்கும், ஒன்றைத் தவிர. ஆட்டக்காரர்கள் நடுவர் காலில் விழுவதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சேலம், நாமக்கல் பக்கத்துத் திருவிழாப் போட்டிகளில் அது ஊறிப்போன வழக்கம். எதிராளியை முழங்கையால் இடித்துவிட்டு, நடுவர் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுப்பதற்குள் ஓடிப்போய் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டால் போதும், அட்டை பைக்குள் திரும்பிவிடும். "என்ன பணிவு பாத்தீங்களா!" என்று மைக்கில் ஒருவர் உருகுவார். கூட்டம் கைதட்டும். இடி வாங்கியவள் ஓரமாக உட்கார்ந்து விலாவைத் தடவிக்கொள்ள வேண்டியதுதான்.

செய்யாத தப்புக்கு எதற்கு விழ வேண்டும் என்று அக்சிலியா கேட்பாள். செய்த தப்பாகவே இருந்தாலும், அடிபட்டவள் காலில் அல்லவா விழ வேண்டும், விசில் ஊதுகிறவர் காலில் ஏன்? இப்படிக் கேட்டுக் கேட்டே இரண்டு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தாள். இரண்டும் வாயால் வாங்கியவை. யாரையும் அவள் அடித்ததில்லை.

களத்தில் அவளுக்கு மூலை இடம். 'கபடி கபடி' என்று பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தாளானால் விடுவிக்க முடியாது. அப்பா உபகாரசாமியின் டிபன் கடையில் விடிகாலையில் மாவரைத்து, தண்ணீர் தூக்கி உரமேறிய கை. கடைக்கு எதிரே ரயில்வே குடியிருப்பு. அங்கிருப்பவர்களுக்குக் காலமெல்லாம் இட்லி வைத்த உபகாரசாமிக்கு ஒரே ஆசைதான்: மகள் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து, அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டில் குடியேற வேண்டும். மாநில அணியில் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போடலாம். அணித் தேர்வு தை மாதம். அடுத்த வருடம் என்றால் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

இந்த நிலையில்தான் புரட்டாசியில் ஓமலூர் ஆட்டம் வந்தது. எதிரணி ராசிபுரம். அவர்களுக்குப் பாட வந்தவள் ரஞ்சனி. நன்றாக ஆடுவாள், அதில் சந்தேகமில்லை. காலில் விழுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. அக்சிலியா அவள் இடது கணுக்காலைப் பிடித்துவிட்டாள், விசிலும் ஊதியாயிற்று. அதற்குப் பிறகு ரஞ்சனி வலது காலால் அக்சிலியாவின் வாயில் ஓங்கி உதைத்தாள். முன்பல் இரண்டு தெறித்து விழுந்தன. அக்சிலியா ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, ரஞ்சனி நடுவர் நாச்சிமுத்துவின் பாதத்தில் நெற்றியை வைத்திருந்தாள். கூட்டம் கைதட்டியது. கைதட்டியது! அக்சிலியா போய் அவளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள்.

யாரோ செல்போனில் எடுத்தது ஊரெல்லாம் சுற்றியதால் இந்த முறை மூடி மறைக்க முடியவில்லை. வட்டாரக் கபடிச் சங்கம் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டது. டயர் கடைக்கு மேலே மாடி அறை. தலைவர் குருமூர்த்தி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு முதலாளி. தன் வண்டி ஆட்கள் தன் முன்னால் எப்படி நிற்பார்களோ, ஆட்டக்காரர்களும் அப்படியே நிற்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அந்த வருடம் அவர் கொண்டுவந்த புது விதி ஒன்று இருந்தது. அதுவரை அட்டையே வாங்காத ஆட்டக்காரருக்கு, நன்னடத்தைக்காக ஆட்டத் தடைக்காலத்தில் பாதி தள்ளுபடி. ஆடி மாதத் துணிக்கடை தோற்றது.

"இந்தப் புள்ள மேல முன்னால ஏதாச்சும் அட்டை இருக்குதாய்யா?" என்று ரஞ்சனியைக் காட்டிக் கேட்டார் குருமூர்த்தி.

"ஒண்ணுகூட இல்லீங்க," என்றார் நாச்சிமுத்து. "தங்கமான புள்ளைங்க. தப்புன்னா உடனே கால்ல உழுந்துருமுங்க."

"எத்தன தடவைங்க உழுந்திருக்கா?" என்றாள் அக்சிலியா. பல் இல்லாத வாயில் காற்றுதான் அதிகம் வந்தது. "அத்தன தடவையும் எவளோ ஒருத்தி அடி வாங்கியிருக்கா இல்லீங்களா?"

"பல்லு போயும் இந்தப் புள்ளைக்கு வாய் போவுலியே!" என்றார் குருமூர்த்தி. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாச்சிமுத்து எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

உபகாரசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் போனார். மகளின் பற்களைச் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தார் பாவம்.

"அதை உள்ள வைங்க, டீ வருது," என்று முகத்தைச் சுளித்தார் தலைவர்.

டீ குடித்துக்கொண்டே தீர்ப்பும் சொன்னார். உதைத்த ரஞ்சனிக்கு ஆறு மாதம் தடை, நன்னடத்தைக்காக அது மூன்றாகக் குறைந்தது. தள்ளிய அக்சிலியாவுக்கு ஐந்து மாதம், தள்ளுபடி கிடையாது. ரஞ்சனி மார்கழியில் களத்துக்கு வந்துவிடுவாள். அக்சிலியாவுக்குத் தை மாதத் தேர்வு போயிற்று.

"ஒரு வழி இருக்குது," என்றார் குருமூர்த்தி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "பெரியவங்க கால்ல உழுந்து ஒரு வார்த்த கேட்டுட்டா, பழைய அட்டைய மறந்துட்டு உனக்கும் பாதியாக்கிரலாம்."

அக்சிலியா அசையவில்லை. பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கோயிலில் மாதா முன்னால் தவிர வேறெங்கும் முழங்காலிட்டு அறியாத உபகாரசாமி, அந்த ஆளின் முன்னால் மெதுவாக மண்டியிட்டார். குனிந்தபோது பொட்டலம் பையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. குருமூர்த்தி 'வேண்டாம்' என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாகாகக் காலை நீட்டிக் கொடுத்தார்.

"சரி, சரி, எந்திரிங்க. பாதியாக்கியாச்சு."

 அக்சிலியா அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். பொட்டலத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பாதி வேண்டாமுங்க. முழுசா எழுதுங்க."

"சாமி, தை மாசம்…" என்றார் உபகாரசாமி மகளிடம்.

"உங்கள இவுங்க கால்ல உழ வெச்சு வேல வாங்கிட்டு, அந்த ரயில்வே ஊட்டுக்குள்ள நான் எப்படிங்கப்பா படுத்துத் தூங்குவேன்?"

"முழுசாவே எழுதுய்யா," என்றார் குருமூர்த்தி நாச்சிமுத்துவிடம். "ஒழுக்கங்கெட்ட புள்ள."

இருவரும் படியிறங்கினார்கள். கீழே டயர் கடை வாசலில் உபகாரசாமி நின்றார். வேட்டியில் இரண்டு முழங்காலிலும் அந்த அறையின் அழுக்கு வட்டமாக ஒட்டியிருந்தது. அக்சிலியா உட்கார்ந்து அதைத் தட்டிவிட்டாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

"மண்டி போடறத மாதாவோட நிறுத்திக்குங்கப்பா," என்றாள்.