கும்மட்டத்துக்கு அடியில்

அன்றைக்கு மாடியில் இருந்தவர்கள்: கொத்தனாரான என் வீட்டுக்காரர். மரவேலை பார்த்த ஆசாரி. ஏலக்காய் வியாபாரம் செய்யும் முதலாளி, அவர் வீடுதான் அது. அப்புறம் சித்தாள் வேலைக்குப் போன நான். வேறு யாரும் இல்லை.

எழுபதுகளில், உத்தமபாளையத்தில். மொட்டை மாடியில் ஒரு வட்ட அறை, அதற்கு மேல் கும்மட்டம். செங்கலும் சுண்ணாம்பும். கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பை அரைத்தது நான். உள்ளே கம்புகளை அடியில் ஆப்பு வைத்து முட்டுக் கொடுத்து, பலகையை வளைத்து, அதன்மேல் கட்டுவார்கள். சுண்ணாம்பு இறுகிய பிறகு முட்டுகளைத் தட்டி எடுக்க வேண்டும்.

ஐப்பசி மழை விடவில்லை. கும்மட்டத்தைத் தொட்டால் கையில் ஈரம். இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும் என்றார் என் வீட்டுக்காரர். முதலாளிக்கு மகள் கலியாணம் நெருங்கிவிட்டது. எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

முட்டு எடுக்கும்போது, கட்டிய கொத்தன் நேர் அடியில் நிற்க வேண்டும். அது வழக்கம். சத்தம் ஓயும்வரை நகரக் கூடாது. அவர் போய் நின்றார். ஆசாரி வாசலோரத்து ஆப்புகளைக் கழற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“கும்மட்டம்னு இதுக்கு யாரு பேரு வச்சாக முதலாளி?”

“அது பாரசீகப் பேச்சுய்யா. கும்பத்னு சொல்லுவாக. நம்ம வாயில கும்மட்டமாயிருச்சு. கிண்ணத்தக் கவுத்த மாதிரி கட்டுறது. அங்கன பெரிய ஆளுக கபுரு மேலதான் நெறையக் கட்டுனாக.”

“கபுருன்னா?”

“பொதைச்ச எடம்.”

ஆசாரி உள்ளே எட்டிப் பார்த்தார். வெளியே நல்ல பகல். உள்ளே நின்றவர் முகம் தெரியவில்லை.

“ஏலே கொத்தா, உனக்கு நீயே கட்டிக்கிட்டியா?”

“அளவு சரியாத்தான் இருக்கு.”

அவர் நின்ற இடத்திலிருந்து அந்தக் குரல் வரவில்லை. வாசலில் நின்ற என் தலைக்கு மேலிருந்து வந்தது.

ஆசாரி ஆப்பு தட்டும் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டார். “நான் பிள்ளகுட்டிக்காரன். உள்ள போகமாட்டேன்.”

“எங்க வீட்டுல பிள்ளைக இல்லையாண்ணே?” என்று கேட்டேன்.

ஆசாரி முதலாளியைப் பார்த்தார்.

“நாளைக்குப் பாத்துக்கிருவோம்,” என்றார் முதலாளி.

“இத நேத்துச் சொல்லியிருக்கலாம்ல முதலாளி,” என்றது உள்ளிருந்த குரல்.

ஒரு பக்கத்து ஆப்பு கழன்றுவிட்டது. பாதியில் விட்டால் பாரம் ஒரு பக்கம் இறங்கும். இடிந்துவிடும். கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.

கிணற்றுக்குள் இறங்கியது போலக் குளிர். நான் மூச்சு விட்டால், பக்கத்தில் இன்னொரு ஆள் மூச்சு விடுவதும் கேட்டது. ஒவ்வொரு ஆப்பாகத் தட்டினேன். கடைசிக் கம்பு சாய்ந்தது. பலகை விரலளவு இறங்கிச் சுவர் விளிம்பில் தங்கியது. மேலே கும்மட்டம் தனியாக நின்றது.

அவர் வாய்க்குள் சொன்னார். “இப்ப கும்மட்டம் உக்காரும். டொக்குனு ரெண்டு சத்தம் கேட்டாச் சரி. அதுக்கு மேல கேட்டா ஓடிரு.”

“நீங்க?”

“நான் நிக்கணும்.”

முதல் சத்தம் கேட்டது. அவர் தலையில் சுண்ணாம்புத் தூசி விழுந்தது. இரண்டாவது கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாவது.

“ஏ புள்ள, போ.”

ஒரு காலைத் தூக்கினேன். பிறகு அங்கேயே வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது. அடுத்த சத்தம் மேலிருந்து வரவில்லை. எங்கள் காலுக்கு அடியில் கேட்டது. உள்ளே இருக்கிறவர் கதவைத் தட்டுவது மாதிரி, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக.

அதன் பிறகு ஓய்ந்தது.

கும்மட்டம் விழவில்லை. கலியாணத்துக்கு வந்தவர்கள் அந்த அறையில்தான் படுத்துத் தூங்கினார்கள். என் வீட்டுக்காரர் விளக்கை வைத்து உள்ளும் புறமும் தேடினார். மயிரிழை விரிசல்கூட இல்லை.

வாசலில் நின்ற இருவரையும் கேட்டேன். ரெண்டுதான் கேட்டது என்றார்கள். என் வீட்டுக்காரர் நாலு என்றார்.

நான் எண்ணியது ஏழு.