வயரில் இருந்த கட்டி

எங்கள் லான்மடா பேட்டையில் யாரிடம் கேட்டாலும் என் கடைக்கு வழி சொல்வார்கள். நான்காம் வகுப்பைத் தாண்டாதவன் நான். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் சுற்றியே சொந்த வீடு வாங்கினேன். அப்படிப்பட்ட என்னிடம் கம்ப்யூட்டர் கடைக்காரன் ஒருவன் பேசிய பேச்சு இன்னும் உறுத்துகிறது.

மகளின் லேப்டாப் சார்ஜர் வயர் அறுந்துவிட்டது. லேப்டாப்பில் சொருகும் பின்னுக்கு ஒரு சாண் தள்ளி உருண்டையாக ஒரு கட்டி இருக்குமே, அதன் ஓரத்தில். மறுநாள் காலை அவளுக்கு ஆன்லைனில் வேலைக்கான தேர்வு. லேப்டாப்பின் பாட்டரியோ செத்தது. வயர் இல்லாமல் ஐந்து நிமிடம் தாங்காது.

"இதெல்லாம் ரிப்பேர் ஆகாது ஊலே. புதுசு வர ஒரு வாரம் ஆகும்" என்றான் கடைக்காரன். பர்மிய மொழியில் மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். கண் மட்டும் போனை விட்டு எழவில்லை.

"இந்தக் கட்டி எதுக்குப்பா?"

"அது சும்மா, வெயிட்டுக்கு."

வீட்டுக்கு வந்து கட்டியைச் சுத்தியலால் தட்டினேன். பிளாஸ்டிக்குக்குள் கறுப்புக் கல் போல ஒரு குழல், நெடுக்காக இரண்டாகப் பிளந்தது. வயர் அதன் துளை வழியே போனதே தவிர, அதில் எதுவும் இணைக்கப்படவில்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டிக் குப்பையில் போட்டேன். அறுந்த இடத்தைப் பற்றவைத்து உறை போட்டேன். கரண்ட் இல்லாத நேரம். இன்வெர்ட்டரில் சொருகியதும் சார்ஜ் விளக்கு எரிந்தது.

பழைய வினாத்தாளைத் திறந்த மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்புக்குறி பேய் புடிச்ச மாதிரி ஓடுது. ரெண்டாவது பதில தொட்டா நாலாவதுல போய் நிக்குது."

வயரைப் பிடுங்கினால் அம்பு அடங்கியது. சொருகினால் மறுபடி ஆட்டம்.

"எதையாவது விட்டுட்டீங்களாப்பா?"

"ஒரு கல்லு இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் உறைத்தது. மோட்டாருக்குள் இருக்கும் இரும்பிலும் எந்தக் கம்பியும் ஒட்டியிருக்காது. ஆனால் அந்த இரும்பு இல்லாமல் மோட்டார் சுற்றுமா? காலமெல்லாம் அதைக் கையில் வைத்திருந்தவன், போனைப் பார்த்துக்கொண்டே ஒருவன் சொன்னதை நம்பினேனே. அவன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

குப்பையைக் கிளறி இரண்டு பாதிகளையும் எடுத்தேன். வயரைச் சுற்றிப் பொருத்தி, காயில் கட்டும் நாடாவால் இறுக்கி, வார்னிஷ் பூசினேன். அம்பு நின்றது. மறுநாள் தேர்வு முடியும்வரை அது அசையவேயில்லை. அந்தக் கல்லுக்கு ஃபெரைட் சோக் என்று பெயராம், வயரில் வரும் கரண்டின் இரைச்சலை அடக்குமாம். மகள்தான் பிறகு தேடிப் படித்துச் சொன்னாள்.

வயரைக் கொண்டுபோய்க் கடைக்காரன் முன்னால் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா கட்டியிருக்கீங்க ஊலே. எனக்கும் இப்படி ரெண்டு கட்டித் தர்றீங்களா?"

"வெயிட்டுக்குத்தானே," என்றேன். "செங்கல்லைக் கட்டிக்கோ."