ஆறு புள்ளி ஒன்பது

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘மறுபடி அக்கா’ என்று பெயர். எண் கொஞ்சம் இடறினாலும் “மறுபடி ரத்தம் எடுங்க” என்பாள். பத்தொன்பது வருடமாக அதே வாய், அதே பிடிவாதம். கத்தி வைத்த பிறகு வரப்போகிற வம்பை முன்கூட்டியே சொல்லத்தான் தனக்குச் சம்பளம் என்பது அவள் கட்சி.

போன மாதம் மூக்கறுபட்டாள். பொட்டாசியம் எகிறியிருக்கிறது என்று ஓர் அறுவையை நிறுத்தினாள். கடைசியில் பார்த்தால், சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதாமல், நர்ஸ் ஊதா மூடிக் குழாயிலிருந்து ஊற்றி நிரப்பியிருக்கிறாள். ரத்தம் உறையாமலிருக்க ஊதாவில் போட்டிருக்கும் மருந்திலேயே பொட்டாசியம் உண்டு. எல்லார் முன்னாலும் சர்ஜன் வாங்கு வாங்கென்று வாங்கினார்.

இன்று குடலிறக்க அறுவைக்கு வந்திருந்த கொத்தனாருக்கு, ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. மயக்க மருந்து ஏறினால் இதயம் நின்றாலும் நிற்கும்.

“மறுபடியும் குழாய்க் குளறுபடியா? ஆளை உள்ள கொண்டுபோயாச்சு,” என்று சர்ஜன் போனை வைத்துவிட்டார்.

மிச்ச ரத்தத்தில் கால்சியம் பார்த்தாள். ஊதா மருந்து கலந்திருந்தால், அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணை அதலபாதாளத்துக்குத் தள்ளியிருக்கும். நான்கு நிமிடம் இயந்திரம் முனகியது. கால்சியம் சரியாகவே இருந்தது.

மேலே ஆபரேஷன் தியேட்டருக்குப் படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

“டாக்டர், ஊசி போடாதீங்க!”

“யாரும்மா உங்களை உள்ள விட்டது?” சர்ஜன் கத்தினார்.

“கால்சியம் சரியா இருக்கு சார். இது கலப்படம் இல்ல, நிஜம்.”

மயக்க டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். மேஜையில் படுத்திருந்த கொத்தனார், “சண்டையை வெளிய வெச்சிக்கக் கூடாதா? நான் இன்னும் முழிச்சிட்டுதான் இருக்கேன்,” என்றார்.

மறு கையில் அவளே ரத்தம் எடுத்தாள். பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தானே என்று, யாரும் கேட்காத அந்தப் பரிசோதனையையும் சேர்த்துப் போட்டாள். கீழே இயந்திரத்தின் முன் நின்று, எண் கூடுதலாத்தான் வரணும், கூடுதலாத்தான் வரணும் என்று வேண்டினாள். ஏழு புள்ளி ஒன்று. சிறுநீரகம் முக்கால்வாசி போயிருந்தது.

“அப்பாடா!” என்றது வாய். மானம் பிழைத்த சந்தோஷம் முகமெல்லாம் பொங்க, தாளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினாள்.

தியேட்டர் வாசலில் கொத்தனாரின் மனைவி எழுந்து நின்றாள்.

“சிரிச்சிட்டே வர்றீங்களே அக்கா, அவருக்கு எல்லாம் நல்லா இருக்கா?”